அலங்கரித்து அனுப்பிய தண்ணீர்

எங்கள் ஊரில் மஞ்சள் சுவரைப் பார்க்க வெளியூரிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். கடற்கரைப் பக்கத்து பிரெஞ்சுத் தெருக்களில் அந்தச் சுவர்மேல் சாய்ந்து, ஒரு காலை மடக்கி, படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சுவர்களில் பலவற்றுக்கு மஞ்சள் அடித்தவன் நான். படத்தில் ஏணி விழுகிறது, கொஞ்சம் நகருங்கள் என்பார்கள். நகர்ந்துகொள்வேன்.

அதே மஞ்சளை என் வீட்டுக் குளியலறையில் போர்வெல் தண்ணீர் அடித்து வைத்திருந்தது. பிரைமர் கேட்கவில்லை, பிரஷ் கேட்கவில்லை, மதியச் சாப்பாட்டுக்கு இறங்கவில்லை. டைல்ஸ், வாளி, குழாயின் மூக்கு, என் வெள்ளை வேட்டி எல்லாவற்றுக்கும் இரண்டு கோட் சீராக அடித்திருந்தது. இதைப் படம் எடுக்க மட்டும் யாரும் வரவில்லை.

வீடு அரியாங்குப்பத்தில், புதிதாக மனை பிரித்த ஒரு தெருவில் இருக்கிறது. தெருக்குழாய் எங்கள் தெருவரைக்கும் இன்னும் வரவில்லை. அதனால் வீட்டுக்கு வீடு ஒரு போர். எங்கள் போரில் வரும் தண்ணீர் கெட்டிக்காரத் தண்ணீர். குழாயிலிருந்து விழும்போது கண்ணாடிபோல இருக்கும். வாளியில் ஒரு மணி நேரம் நின்றால் டீ நிறத்துக்கு வந்துவிடும். மேலே எண்ணெய்போல ஒரு ஏடு படரும். குடிக்கக் கேன் தண்ணீர் வாங்கினோம். குளிக்க, துவைக்க, பாத்திரம் துலக்க எல்லாம் இதுதான். குழாய் வாயில் ஒரு துணியைக் கட்டி, அது சிவந்ததும் வேறு துணி கட்டுவோம். அதற்குப் பெயர் எங்கள் தெருவில் பில்டர்.

இந்த பில்டரோடு நாங்கள் சுகமாக இருந்திருப்போம். மகளைக் கட்டிக்கொடுத்த இடத்தில் சம்பந்தியம்மாவுக்குக் கண் நன்றாகத் தெரிந்ததுதான் வினை.

அவர்கள் வீடு நெல்லித்தோப்பில். காலையும் மாலையும் தெருக்குழாயில் தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரைப் பற்றி, வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். மகள் நான்கு மாதம் முழுகாமல் இருந்தபோது சம்பந்தியம்மா பழம், பூவோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கை கழுவக் குளியலறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். காப்பியைக் குடித்து முடித்தார்.

பிறகு என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

“சம்பந்தி, ஏழாம் மாசம் வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ண அம்மா வூட்டுக்கு அனுப்பறது முறை. நான் அனுப்ப மாட்டேன்னு சொல்லல.”

“ஆமாங்க” என்றேன்.

“ஆனா பொறக்கப்போற குழந்தைய இந்தத் தண்ணில குளிப்பாட்டி, அது செவப்பா ஆயிட்டா, இது எங்க வூட்டு நெறமே இல்லயேன்னு எங்க சொந்தக்காரங்க கேப்பாங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என் மனைவியும் சிரித்தாள். நானும் சிரித்தேன். மூன்று பேரும் சிரித்து முடித்த பிறகு அவர் சொன்னது அப்படியே நடுவில் உட்கார்ந்திருந்தது.

“தண்ணிய மட்டும் சரி பண்ணிடுங்க. மறுநாளே நானே கொண்டாந்து விடறேன். இல்லன்னா பிரசவம் எங்க வூட்லயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் செரமம் இல்ல.”

அவர் ஆட்டோ ஏறியதும் என் மனைவி என் பக்கம் திரும்பினாள். “வாயில என்ன கொழுக்கட்டயா வச்சிருந்தீங்க? ஒரு வார்த்த பேசக் கூடாதா?”

என்ன பேசுவது? அவர் சொன்னதில் தப்பு இருந்தால் பேசலாம். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வரவில்லை என்றால் தெருவில் என்ன கேட்பார்கள் என்பது என் மனைவியின் கவலை. என் கவலை வேறு. எங்களுக்கு ஒரே பெண். அவள் போன பிறகு வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. என் மனைவி பேசுகிறவள்தான். ஆனால் பதிலுக்கு ஒரு ஆள் வேண்டும். நான் அந்த ஆள் இல்லை என்பது அவளுக்குக் கல்யாணமான முதல் வாரமே தெரியும். வளைகாப்பு முடிந்து வந்தால், பிரசவம் தாண்டி மகள் ஐந்தாறு மாதம் வீட்டில் இருப்பாள். அந்த ஐந்தாறு மாதம் இப்போது ஒரு வாளித் தண்ணீரில் நின்றது. எனக்கு இருந்தது மூன்று மாத அவகாசம்.

முதலில் போன கடை குளிர்சாதனம் போட்ட கடை. செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் நின்று யோசித்தேன். டை கட்டிய ஒருவர் வந்து, “வாங்க சார், உக்காருங்க சார்” என்றார். என்னை யாரும் அதுவரை சார் என்று அழைத்ததில்லை. அப்போதே உஷாராகி இருக்க வேண்டும்.

மொத்த வீட்டுக்கும் பில்டர் போட வேண்டும், போர்த் தண்ணீர், என்று இரண்டு வாக்கியம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். இரண்டையும் சொல்லிவிட்டேன். அவர் என் பையில் தெரிந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். பக்கத்து டம்ளரில் அவர்கள் மிஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பி வைத்த ஒரு கருவியை இறக்கி ஸ்விட்சைப் போட்டார். என் டம்ளர் பழுப்பானது. பிறகு பச்சையானது. பிறகு சாக்கடையானது. அவருடையது அப்படியே இருந்தது.

“பாத்தீங்களா சார், இதத்தான் உங்க ஃபேமிலி யூஸ் பண்றீங்க.”

அது போர்த் தண்ணீர் இல்லை. நான் குடிப்பதற்காகக் கொண்டுபோன கேன் தண்ணீர். அதைச் சொல்ல வேண்டும் என்று மனதுக்குள் வாக்கியத்தை அடுக்கினேன். அடுக்கி முடிப்பதற்குள் அவர் விலைக்குப் போய்விட்டார். விலையைக் கேட்ட பிறகு எனக்குப் பேச்சு வருவதற்கான வழியே இல்லை. எங்கள் தண்ணீருக்கு அந்தக் கம்பியும் கரண்டும் தேவையில்லை, சும்மா வைத்தாலே போதும் என்பதை அந்தக் கடைக்கு நான் கடைசிவரை சொல்லவில்லை. “வூட்ல கேட்டுட்டு வரேங்க” என்றேன். என்னைப்போன்ற ஆண்களுக்காகவே யாரோ கண்டுபிடித்த வாக்கியம் அது. எந்தக் கடையிலிருந்தும் உயிரோடு வெளியே வந்துவிடலாம்.

இரண்டாவது கடை நெல்லித்தோப்புப் பக்கம், சின்னக் கடை. நீலச் சிலிண்டர்களுக்கு நடுவில் ஒருவர் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டாணி தின்றுகொண்டிருந்தார். என்னை அண்ணே என்று கூப்பிட்டார். எனக்கு மூச்சு வந்தது.

“மொதல்ல டெஸ்ட்டுணே. டெஸ்ட் பண்ணாம பில்டர் போடறது, அளவெடுக்காம ஜாக்கெட் தைக்கற மாதிரி. அப்புறம் புடிக்குது, லூசா இருக்குன்னு என்கிட்ட வந்து நிக்கக் கூடாது.”

சுத்தமான ஒரு பாட்டில் கொடுத்தார். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். தொட்டிக்குப் போவதற்கு முன்னால் போர்க் குழாயிலிருந்தே பிடிக்க வேண்டும். துணி கட்டக் கூடாது. பாட்டில் நிறைய ஊற்றி மூட வேண்டும். பிடித்ததும் கொண்டுவந்தால் அவரே பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புவார். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் நான்கு விஷயத்தை மறக்காமல் வீடுவரை கொண்டுபோவேன். கொண்டுபோய் என் மனைவியிடம் சொன்னேன். எனக்கு மறுநாள் காலையிலேயே வேலை இருந்ததால், பாட்டிலை அவளிடமே கொடுத்தேன்.

காலையில் பாட்டில் சமையல் மேடையில் தயாராக நின்றது. உள்ளே தண்ணீர் மின்னியது. பாட்டிலையும் புளி போட்டுத் தேய்த்த சொம்பு மாதிரி துடைத்து வைத்திருந்தாள். குங்குமம் ஒன்றுதான் குறை. நம் தண்ணீர் அவ்வளவு மோசம் இல்லையோ என்று நான்கூட நினைத்தேன். பஸ்ஸில் மடியில் வைத்து, பெண்ணைப் புகுந்தவீட்டுக்குக் கொண்டுபோவதுபோலக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

சில நாள் கழித்துக் கடைக்காரர் கூப்பிட்டு அனுப்பினார். கையில் இங்கிலீஷில் அடித்த ஒரு தாள். கீழே சீல், கையெழுத்து.

“அண்ணே, உங்க தண்ணி சூப்பர்ணே. நீங்க சொன்னத வச்சு இரும்பு நெறய இருக்கும்னு நெனச்சேன். இரும்பு இல்லன்னே சொல்லலாம். லேசா உப்பு, அவ்ளோதான். உப்பக் கொறைக்கற சாஃப்ட்னர் ஒண்ணு போட்டா போதும்.”

“டைல்ஸ்...” என்றேன்.

“டைல்ஸ் பழசா இருக்கும்ணே.”

இருக்கலாம். தாளில் கையெழுத்துப் போட்டவர் படித்தவர். என் டைல்ஸ் என்னைவிடக் குறைவாகப் படித்தது. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்து, வீட்டில் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினேன்.

என் மனைவிக்கு வந்த சந்தோஷம் சொல்ல முடியாது. “நான் சொல்லல? தண்ணியில ஒண்ணும் இல்ல. அந்தம்மா கண்ணுலதான் மஞ்ச. ஞாயித்துக்கெழம வளைகாப்புக்கு நாள் பாக்கப் போறோம்ல, இத அப்படியே அவங்க கையில குடுங்க. சீல் வச்ச பேப்பரு.”

குளியலறைக்குப் போனேன். காலையில் பிடித்து வைத்த வாளி டீக்கடை நிறத்தில் இருந்தது. ஒரு கையில் தாள், எதிரில் வாளி. இரண்டும் ஒன்றையொன்று தெரியாததுபோல இருந்தன.

“அந்தத் தண்ணிய எங்க புடிச்ச?” என்று கேட்டேன்.

“எங்க புடிப்பாங்க? நீங்க சொன்ன மாதிரி போர்லதான். மோட்டார் பத்து நிமிஷம் ஓடிச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன அப்புறம்? வெளியாளுங்க பாக்கப்போற தண்ணி. அப்படியேவா குடுத்து அனுப்ப முடியும்? சாயங்காலமே கொடத்துல புடிச்சு, படிகாரத்த ரெண்டு சுத்து சுத்தி வச்சிட்டேன். காலைல மேலாப்புல மொண்டு, நாலா மடிச்ச வெள்ளத் துணில வடிகட்டி ஊத்தினேன். பாட்டில்ல ஊத்தறப்ப துணி கட்டல. நீங்க சொன்னத நான் மீறல.”

கோபம் வரவில்லை. எங்களில் யார் அப்படியே வெளியே போயிருக்கிறோம்? மகளைப் பெண் பார்க்க வந்தபோது, பக்கத்து வீட்டு நாற்காலிகளில்தான் அவர்களை உட்காரவைத்தோம். வெளியாள் பார்க்கிற எதையும் துடைத்துத்தான் அனுப்புவோம். தண்ணீர் மட்டும் என்ன பாவம் செய்தது? பரிசோதனைக் கூடத்தில் சோதித்தது எங்கள் போரை இல்லை. என் மனைவியின் கைவேலையை. அதற்கு முழு மதிப்பெண் போட்டு, சீலும் வைத்திருந்தார்கள்.

“இத எப்படிக் காட்டறது?” என்றேன்.

“நாம என்ன பொய்யா சொல்றோம்? பேப்பர்ல இருக்கறதத்தான காட்டறோம். அவ இங்க வந்து சேரட்டும். குழந்தைக்கு நான் தெனமும் இப்படியே வடிகட்டி ஊத்திக்கறேன்.”

இரண்டு நாள் அந்தத் தாள் என் சட்டைப்பையில் ஏணி ஏறி இறங்கியது. ஈரச் சுவர்மேலேயே பெயின்ட் அடித்துக் கொடு என்று கேட்கிற வீட்டுக்காரர்கள் உண்டு. வீட்டில் விசேஷம் இருக்கும். காய்வதற்கு நேரம் இருக்காது. அடித்துக் கொடுத்திருக்கிறேன். விசேஷத்தன்று சுவர் பளிச்சென்று இருக்கும். அடுத்த மழைக்குக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். அப்போது நான் வேறு தெருவில் வேறு சுவரில் இருப்பேன். இந்த முறை நான் போக வேறு தெரு இல்லை. அந்தத் தண்ணீரில் உட்காரப்போவது என் பேரக்குழந்தை. குழந்தை வந்த வீட்டில் ஒரு நாளைக்கு எத்தனை குடம் வடிகட்டுவாள்?

ஞாயிற்றுக்கிழமை நெல்லித்தோப்புக்குப் போனோம். மருமகன் வேலைக்குப் போயிருந்தார். மகளின் மாமனார் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். என்னைப் போலவே பேசாதவர். எங்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லாத நல்ல பழக்கம் உண்டு. மகள் காப்பி கொண்டுவந்தாள். கொஞ்சம் ஊதியிருந்தாள். அழகாக இருந்தாள். தாளை என் சட்டைப்பையிலிருந்து என் மனைவியே எடுத்து நீட்டினாள்.

சம்பந்தியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார்.

“இரும்பு அளவுக்குள்ளதான் இருக்கு. பரவால்லயே. அப்ப அன்னிக்கு நான் பாத்தது?”

“அது அன்னிக்குத் தொட்டி கழுவாம கெடந்துச்சு சம்பந்தி” என்றாள் என் மனைவி. கேள்வி முடிவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

“சரி, பேப்பரே சொல்லுது. நாள் பாத்துடலாம். அவளக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

அவ்வளவுதான். முடிந்தது. இனி நான் செய்ய வேண்டியதெல்லாம், என் வாழ்நாள் முழுக்கச் செய்துவந்த ஒன்றை இன்னும் ஐந்து நிமிடம் செய்வது. சும்மா இருப்பது. அதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

“அது வடிகட்டின தண்ணிங்க” என்றேன்.

குரல் எனக்கே யாருடையதோபோல இருந்தது. மாமனார் செய்தித்தாளை இறக்கினார்.

“படிகாரம் போட்டு, தெளிய வச்சு, துணில வடிகட்டி அனுப்பிட்டோம். அன்னிக்கு நீங்க பாத்தீங்களே, அதுதான் எங்க தண்ணி. பேப்பர்ல இருக்கறது எங்க தண்ணி இல்ல.”

என் மனைவி என் தொடையைக் கிள்ளிய இடம் ஒரு வாரம் நீலமாக இருந்தது. முதலில் சிரித்தது என் மகள்தான். “யம்மா, டெஸ்ட்டுக்குப் போற தண்ணிக்கு மேக்கப் போட்டு அனுப்பினியா நீ?” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமனார் செய்தித்தாளை மறுபடி தூக்கிக்கொண்டார். அது ஆடியது.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

“கல்யாணமாயி ஒன்றர வருஷம் ஆவுது சம்பந்தி. நீங்களா வாயத் தொறந்து நான் கேட்ட மொதப் பேச்சு இது. அதுலயும் உங்க வூட்டயே காட்டிக் குடுக்கறீங்க.”

நான் தரையைப் பார்த்தேன். நல்ல தரை. கறையே இல்லை.

“நாள் பாக்கறத பாப்போம். ஆனா நான் சொன்னது சொன்னதுதான். தண்ணி சரியானப்புறம்தான் அவ வருவா. நெசத் தண்ணியக் குடுத்து டெஸ்ட் பண்ணுங்க. எதப் போட்டீங்களோ அத எனக்குச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க, உங்க வூட்டம்மா வேணாம்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆற்றுப் பாலம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினாள்.

“வடிகட்டினதச் சொன்னீங்க, சரி. படிகாரத்தயும் எதுக்குச் சொன்னீங்க?”

கடைக்காரரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே வாரத்தில் இரண்டு பேரிடம் பேசியது என் வரலாற்றில் கிடையாது. அவர் பட்டாணிப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “நீங்களாவது உங்க தண்ணிய வடிகட்டினீங்கணே. கேன் தண்ணியப் புடிச்சுக் குடுத்துட்டுப் போறவங்கல்லாம் இருக்காங்க.” இந்த முறை அவரே வந்து, மோட்டார் பக்கத்தில் நின்று பாட்டிலில் பிடித்தார். என் மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

இரண்டாவது தாளில் இரும்பு இருந்தது. இருக்க வேண்டிய அளவைத் தாண்டி எங்கேயோ இருந்தது. கடைக்காரர் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். முதல் தாளை நம்பி சாஃப்ட்னர் போட்டிருந்தால், உள்ளே உப்பைப் பிடிக்கும் சின்ன மணிகளிலெல்லாம் துரு ஏறி அடைத்து, கொஞ்ச நாளில் தூக்கிப் போட்டிருக்க வேண்டும் என்றார். எங்களுக்கு வேண்டியது வேறு. மேல்தொட்டியில் தண்ணீர் பூவாளிபோலச் சிதறி விழ வேண்டும். காற்றுப் பட்டால் இரும்பு அங்கேயே துருவாகிவிடும். பிறகு அந்தத் தண்ணீர் மணலும் கறுப்புக் குருணையும் நிரப்பிய சிலிண்டருக்குள் இறங்கினால் துரு அங்கே நிற்கும், தண்ணீர் மட்டும் வீட்டுக்குள் வரும். நின்ற துருவைத் தினமும் பத்து நிமிடம் எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ள வேண்டும். இவ்வளவு நாளாகத் தண்ணீர் என் குளியலறையில் செய்துவந்த வேலையை இனி மொட்டைமாடியில் செய்யும். எனக்கு உடனே புரிந்தது.

“வால்வுதான் நீங்க பாத்து எடுக்கணும்ணே. ஆட்டோமேட்டிக் இருக்கு. தானா கழுவிக்கும். போன்லயே பாக்கலாம்.” முன்பக்கம் சின்னத் திரை, இங்கிலீஷ் எழுத்து, நான்கு பொத்தான். கரண்ட் போய் வந்தால் நேரம் மாறிவிடும், மறுபடி வைக்க வேண்டும். பக்கத்தில் இன்னொன்று கையால் திருப்புவது. மூன்று நிலை. போனில் தண்ணீரைப் பார்க்கும் ஆசை எனக்கு இல்லை. கையால் திருப்புவதை எடுத்தேன். அதற்குப் பின்னால் இருந்த சுவரில் எனாமல் பெயின்டால் பெரிய எழுத்தில் மூன்று சொல்லையும் எழுதி அம்புக்குறி போட்டேன்: வடிகட்டு, கழுவு, அலசு. ஊரில் எத்தனையோ சுவருக்கு அடித்திருக்கிறேன். நான் சொல்ல நினைத்ததை எழுதியது இந்தச் சுவரில்தான்.

பூட்டிய முதல் நாள் தண்ணீர் கன்னங்கரேலென்று வந்தது. என் மனைவி என்னைப் பார்த்தாள். இவ்வளவு நாள் மஞ்சளாக இருந்ததற்கு என்ன குறை என்று அந்தப் பார்வை கேட்டது. கடைக்காரருக்குப் போன் போட்டேன். “புதுக் கறுப்புச் சட்ட மொதத் தண்ணியில சாயம் போவும்லணே, அது மாதிரி. கழுவிக்கிட்டே இருங்க, நின்னுடும்.” கழுவினேன். மூன்றாம் நாள் தெளிந்தது. வாளியில் பிடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மாலையில் வந்து பார்த்தேன். அடியில் வாளியின் கீறல்கள் தெரிந்தன.

சம்பந்தியம்மாவுக்கு நானே போன் செய்தேன். எந்தச் சிலிண்டர், என்ன குருணை, எத்தனை நிமிடம் கழுவுவது என்று எல்லாம் சொன்னேன். அவர் குறுக்கே பேசவே இல்லை. முடித்ததும், “படிகாரம்?” என்று மட்டும் கேட்டார்.

“இல்லங்க” என்றேன்.

வளைகாப்பு முடிந்த மறுநாள் சொன்னபடி அவரே மகளைக் கொண்டுவந்து விட்டார். வந்தவர் ஹாலில் உட்காரவில்லை. நேராகக் குளியலறைக்குப் போனார். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது. வெளியே வந்து முந்தானையில் கையைத் துடைத்தார்.

“டைல்ஸ் இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு.”

“அது பழசுங்க. ஆசிட் போட்டும் போவல.”

“அது போவாது. தண்ணி சரியா இருக்கு.” பிறகு என் மனைவியிடம், “பைய எங்க வைக்கட்டும்?” என்றார்.

அவர் கிளம்பிய பிறகு மகள் தலைக்குக் குளிக்கப் போனாள். கால் மணி நேரம் ஆனது. அரை மணி நேரம் ஆனது. என் மனைவி கதவுக்கு வெளியே நின்றாள்.

“உள்ள என்னடி பண்ற? தொட்டி காலியாவப் போவுது.”

“இரும்மா, தல அலசறேன்.”

“மாசமா இருக்கறவ இவ்ளோ நேரமா ஈரத்துல நிப்பா? சளி புடிக்கப் போவுது.”

“அங்கயும் இப்படித்தான் குளிப்பேன். அத்த ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

“சொல்ல மாட்டாங்கடி. அவங்களுக்குத் தெருவுல தண்ணி வருது. இங்க உங்கப்பா தெனமும் நின்னு வால்வத் திருவணும்.”

“அப்பாவக் கேளு, திருவுறேன்னுதான் சொல்வாரு.”

“அவரு எங்க சொல்வாரு? வாயத் தொறந்தா வூட்ட வித்துடுவாரு மனுசன்.”

தொட்டி காலியாவது எனக்கே கேட்டது. எழுந்துபோய் மோட்டாரைப் போட்டேன்.